எண்பது அலுமினிய வளையங்கள்

நெல்லிவாசல்நாடு,
24.11.2024

நதியாவுக்கு,

சமாதானம் பேச இதை எழுதவில்லை. ஒரு கேள்வி இருக்கிறது. அதற்குப் பதில் வேண்டும்.

மே மாதம் வீட்டை விட்டுக் கிளம்பியபோது, உங்கள் கம்பெனி சரியில்லை என்று தள்ளிவிட்ட எண்பது வளையங்களில் ஒன்றையும், துளை அளவு பார்க்கிற என் கேஜையும் துணியில் சுற்றி எடுத்து வந்தேன். ஆறு மாதம் தம்பி வீட்டுத் தகரப் பெட்டிக்குள் கிடந்தது. தொட்டால் கோபம் வரும் என்று தொடவில்லை. போன வாரம் தம்பி ரங்கன் விடவில்லை. "இன்னாக்கா, மருமவ வாணாம்னு சொன்ன சாமானு இன்னான்னுதான் காட்டேன்" என்றான்.

காட்டினேன். வாங்கிக் கையில் மாட்டிக்கொண்டு, "வளவி நல்லாத்தான் கீது. இதுக்கா வூட்ட வுட்டு வந்த?" என்றான். அவன் பெண்டாட்டி மணியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். இது வளவி இல்லை, ரோபோ கையின் மணிக்கட்டுக்குள் உட்காருகிற சாமான் என்று சொன்னேன். துளை அறுபது மில்லி. கேஜுக்கு இரண்டு முனை. ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகவே கூடாது. அப்படி இருந்தால்தான் துளை சரி. "இப்ப பாரு" என்று போகிற முனையை வைத்தேன்.

போகவில்லை.

திருப்பி வைத்தேன். துடைத்து வைத்தேன். வாயால் ஊதி வைத்தேன். போகவில்லை. "ஆமாக்கா, மருமவ சொன்னது சரிதான்" என்றான் ரங்கன்.

என் லேத் பட்டறையில் எண்பது வளையத்திலும் அந்த முனை எண்ணெய் தடவியது போல வழுக்கிக்கொண்டு இறங்கியது. கிளம்பிய அன்று என் பையை வாசலுக்குக் கொண்டுவந்து வைத்தது நீ. நல்ல வளையத்தை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தாயா? இதுதான் கேள்வி.

இன்னொன்றும் இருக்கிறது. அதைக் கேட்க மாட்டேன். வளையங்கள் என்ன ஆயின என்று பார்க்க செய்யாறில் உன் கம்பெனிக்கு நானே வந்தேன். பட்டுக்கரை புடவை கட்டிக்கொண்டு, கேட்டுக்கு வெளியே வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றேன். நீ வந்தாய். என்னைப் பார்த்தாய். செக்யூரிட்டியிடம், "வெண்டரை வெளிய உக்காரச் சொல்லுங்க சார்" என்றாய். ஆறு வருஷம் விடியற்காலையில் எழுந்து உனக்குச் சோறு கட்டியவளுக்கு அந்தப் பெயரா? கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கேட்டுவிட்டேன். இருக்கட்டும்.

போன் செய்யாதே. இங்கே டவர் இல்லை. இருந்தாலும் எடுக்க மாட்டேன். தபால் ஜமுனாமரத்தூர் வரை வரும். அங்கிருந்து மலைக்கு ஜீப் ஓட்டுகிற ரமேஷ் எடுத்து வருவான்.

பாஞ்சாலை


கலசப்பாக்கம்,
3.12.2024

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைத் தபால்காரர் பக்கத்து வீட்டில் கொடுத்திருந்தார். நின்றபடியே படித்தேன். பால் பொங்கி அடுப்பு அணைந்தது கூடத் தெரியவில்லை.

வளையத்தை நான் மாற்றவில்லை. நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வளையத்தின் விளிம்பிலும் உங்கள் அடையாளமாக ஒரு முழுப் புள்ளியும் பக்கத்தில் ஒரு அரைப் புள்ளியும் அடிப்பீர்களே, அந்த அரைப் புள்ளியை வேறு யாராலும் அடிக்க முடியாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள். கண்ணாடி பையில் இடது பக்கம் இருக்கிறது. அதை வைத்தது நான்தான். அதை மட்டும்தான் வைத்தேன்.

இரண்டாவது கேள்விக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மூன்று தாள் கிழித்துவிட்டேன்.

அன்று காலை பதினொரு மணிக்கெல்லாம் எண்பதையும் பார்த்து முடித்துவிட்டேன். ஒன்றில் கூட முனை போகவில்லை. அளக்கிற மெஷினில் வைத்தேன், எல்லாத் துளையும் பத்துப் பன்னிரண்டு மைக்ரான் சிறிது. தலைமுடியின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூட இருக்காது. ஆனாலும் போகவில்லை என்றால் போகவில்லைதான். எண்பதையும் தள்ளி நான்தான் கையெழுத்துப் போட்டேன். போட்ட கையோடு கேட்டுக்கு வந்தால் நீங்கள் நிற்கிறீர்கள். மாமியார் சாமானை மருமகள் பார்க்கிறாள் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்ற பயம் எனக்கு. அதைவிட, அத்தை என்று கூப்பிட்டிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன். வாயில் அந்த வார்த்தைதான் வந்தது. சாக்கு சொல்கிறாள் என்பீர்கள். சாக்குதான்.

அவரிடம் போனில் சொன்னேன். "ரெண்டு பேரும் ஒரே மாதிரி பிடிவாதம், மஸ்கட்ல இருந்து நான் இன்னா பண்ண முடியும்?" என்று உங்கள் மகன் சிரிக்கிறார். அவருக்கு அஜய் என்று பெயர் வைத்ததற்குப் பதில் 'நடுவுல வரமாட்டேன்' என்று வைத்திருக்கலாம்.

ஒரு ஆளுக்குச் சமைக்க எனக்கு வரவில்லை அத்தை. எப்படி அளந்து போட்டாலும் இரண்டு பேருக்கு ஆகிவிடுகிறது. உங்கள் தட்டு கவிழ்த்தபடியே இருக்கிறது. பொங்கலுக்காவது வாங்க. திட்டுவதாக இருந்தாலும் வந்து திட்டுங்க.

உங்கள்
நதியா


நெல்லிவாசல்நாடு,
26.12.2024

நதியாவுக்கு,

கண்ணாடி போட்டுப் பார்த்தேன். அரைப் புள்ளி என்னுடையதுதான். நீ மாற்றவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மேல் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

அப்படியானால் என் வளையமே சிறுத்துவிட்டதா? இரும்பு தேயும், துரு ஏறும். சும்மா கிடந்து சிறுக்குமா? இந்த யோசனையில் எனக்கு நாலு நாள் தூக்கம் சரியில்லை. இப்போது தெரிந்துவிட்டது. எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

இங்கே சாமை அறுத்தாகிவிட்டது. பாறையில் காயப் போட்டு, குருவி விரட்ட நான் உட்காருகிறேன். போன வாரம் செவ்வாய்க்கிழமை வளையத்தையும் கேஜையும் பாறைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த மார்கழியில் காலையில் இங்கே கை விறைக்கும், ஆனால் உச்சிவேளையில் அந்தக் கரும்பாறையில் வெறுங்கால் வைக்க முடியாது. சாப்பிட்டுவிட்டு வந்து, சும்மா கை போன போக்கில் முனையைத் துளையில் வைத்தேன். இறங்கிவிட்டது. மே மாதம் இறங்கிய அதே மாதிரி, வழுக்கிக்கொண்டு.

"டேய் ரங்கா, வந்து பாருடா" என்று கத்தினேன். அவன் கொல்லைக் கோடியிலிருந்து வருவதற்குள் பாட்டுப் பாடாத குறை. அவன் பார்த்தான். "சரிக்கா, போவுது. எடு" என்றான். நான் பெருமையில் எடுக்காமல் அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய் மணியம்மாளிடம் காட்டினேன், பக்கத்து வீட்டில் காட்டினேன். சாயங்காலம் ஆயிற்று, பனி இறங்கியது. எடுக்கப் பார்த்தேன். வரவில்லை. நான் இழுத்தேன், ரங்கன் இழுத்தான், ரமேஷ் ஜீப்பை நிறுத்திவிட்டு வந்து இழுத்தான். "இன்னா அத்த, வெல்டு வெச்சிட்டியா?" என்றான். மறுநாள் உச்சிவேளையில் திரும்பவும் பாறையில் வைத்தேன். தானாகக் கழன்று வந்தது.

மூன்று நாள் இதையே செய்து பார்த்தேன். சூட்டில் போகிறது, குளிரில் பிடித்துக்கொள்கிறது. என் கேஜ் எஃகு. வளையம் அலுமினியம். சூட்டில் இரண்டும் பெருக்கும், ஆனால் அலுமினியம் கூடுதலாகப் பெருக்கும். குளிரில் கூடுதலாகச் சுருங்கும். உன் மாமனார் போன பிறகு இருபத்தாறு வருஷம் தனியாக லேத் ஓட்டியிருக்கிறேன், எல்லாம் இரும்புச் சாமான். இரும்பு கேஜில் இரும்பைப் பார்த்தால் இரண்டும் சேர்ந்தே பெருக்கும், சேர்ந்தே சுருங்கும். எந்த வெயிலில் பார்த்தாலும் சரியாகவே வரும். யாரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை, தெரிய வேண்டிய அவசியமும் வரவில்லை. அலுமினியத்தை நான் தொட்டது அந்த ஆர்டரில்தான். அக்கினி நட்சத்திரத்தில், தகரக் கூரைக்குக் கீழே.

ஆக, நான் போட்ட வளையம் சரி. உங்கள் ஏ.சி. ரூம்தான் தப்பு. எந்தக் குளிரில் பார்ப்பீர்கள் என்று யாராவது எனக்கு ஒரு வார்த்தை சொன்னீர்களா? சொல்லியிருந்தால் அதற்குத் தக்கபடி கடைந்து கொடுத்திருப்பேன். இதற்குப் பதில் எழுது. பொங்கலுக்கு வருவதாக இல்லை.

பாஞ்சாலை


கலசப்பாக்கம்,
4.1.2025

அன்புள்ள அத்தைக்கு,

இந்தக் கடிதத்துக்குப் பிறகு நீங்கள் எனக்கு எழுதாமலே போய்விடலாம். அப்படி ஆகக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆனால் எழுதாமல் இருக்க முடியாது.

உங்கள் கேள்வியைப் படித்ததும் பட்டறையைத் திறந்தேன். லேத்துக்கு மேலே சுவரில் நான் எழுதிக் கொடுத்த தாள் இன்னும் ஒட்டியிருக்கிறது. உங்களுக்கு இங்கிலீஷ் வேண்டாம் என்று கம்பெனி டிராயிங்கைத் தமிழில் எழுதிக் கொடுத்தேனே, அந்தத் தாள். துளை அறுபது, கூட இத்தனை, கனம் இத்தனை, விளிம்பு இப்படி. எல்லாம் இருக்கிறது. மறுநாள் கம்பெனியில் மூல டிராயிங்கை எடுத்து வரி வரியாக ஒத்துப் பார்த்தேன்.

அடியில் மூலையில் சின்ன எழுத்தில் ஒரு வரி. எல்லா அளவும் இருபது டிகிரியில்.

அதை நான் எழுதவில்லை அத்தை.

வேண்டுமென்று விடவில்லை. அந்த வரி எங்களிடம் வருகிற எல்லா டிராயிங்கிலும் அதே மூலையில் இருக்கும். பார்த்துப் பார்த்து அது எழுத்தாகவே என் கண்ணில் படுவதில்லை, தாளின் ஓரம் மாதிரி. நான் வேலை செய்வதும் இருபது டிகிரி ரூமில்தான். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எட்டு மணி நேரம் அந்தக் குளிரில் உட்காருகிறேன். அது எதற்கு என்று படித்து டிப்ளமோ வாங்கியிருக்கிறேன். எண்பது வளையமும் ஒரே மாதிரி சிறுத்திருக்கிறதே, ஏன் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். பயத்தில் யோசிக்கவில்லை. நீங்கள் மூன்றே நாளில் ஒரு பாறையை வைத்துக்கொண்டு கண்டுபிடித்துவிட்டீர்கள்.

நீங்கள் செய்யாத தப்புக்கு உங்களை வெளியே உட்கார வைத்தேன். தப்பு என் கையில் இருந்தது.

சூப்பர்வைசர் தனசேகரன் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நான் எழுதிக் கொடுத்த தாளில் வரி விட்டுப்போனதையும், வெண்டர் என் மாமியார் என்பதையும். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாமியார்னு எனக்குத் தெரியும்மா. கேட்ல இருக்கற செக்யூரிட்டிக்கே தெரியும். நீ ஒருத்திதான் தெரியாத மாதிரி இருந்த" என்றார். எனக்கு ஒரு மெமோ கொடுத்திருக்கிறார்கள். அது சரிதான். பிறகு சார் சொன்னார்: "அந்தம்மா பத்து பீஸ் ட்ரையல் போட்டுக் குடுக்கட்டும். நீ பாரு. உனக்கு மேல நான் ஒருவாட்டி பாக்கறேன்."

கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். வருவீங்களா அத்தை?

நதியா


நெல்லிவாசல்நாடு,
17.1.2025

நதியாவுக்கு,

உன் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. முதல் நாள் படித்துவிட்டுச் சாமைக் குதிருக்குள் போட்டுவிட்டேன். கையில் வைத்திருந்தால் அடுப்பில் போட்டிருப்பேன். பொங்கலன்று மணியம்மாள் சாமை அள்ளப் போனவள், "இன்னா நாத்தனா, லெட்டர்ல பொங்க வெக்கலாமா?" என்று எடுத்து வந்தாள். திரும்பப் படித்தேன்.

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதமாக நான் கண்ட கண்டவர்களிடம் அந்த வளையத்தைக் காட்டி நியாயம் கேட்டேன். என் கை தப்பு செய்துவிட்டதோ என்று எனக்கே சந்தேகம் வந்து, கையை விரித்து விரித்துப் பார்த்தேன். அறுபத்திரண்டு வயதில் அந்தச் சந்தேகம் வரக் கூடாது. அதை நீ எனக்குக் கொடுத்தாய்.

இப்போது இன்னொன்று. இதை ரங்கனிடம் கூடச் சொன்னதில்லை.

நீ அந்தத் தாளைக் கொடுத்த அன்று, மூல டிராயிங்கையும் மேசைமேல் வைத்திருந்தாய். மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான் நான். இருந்தாலும் எண் தெரியும். மூலையில் 20 என்று ஒரு எண் இருந்ததைப் பார்த்தேன். உன் தாளில் அது இல்லை. 'இது இன்னா இருபது?' என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் ரசத்துக்குப் புளி கரைக்கத் தெரியாமல் நின்ற பெண்ணிடம், லேத் வேலையில் எனக்குத் தெரியாத ஒன்றைக் கேட்பதா என்று இருந்துவிட்டேன். தாள் நம்பராக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நீ பார்த்தும் பார்க்கவில்லை. நான் பார்த்தும் கேட்கவில்லை. யாருடையது பெரிது என்று இங்கே உட்கார்ந்து எடை போட்டுப் பார்த்தேன். முடிவுக்கு வர முடியவில்லை. உன்னுடையதுதான் கொஞ்சம் பெரிது. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மெமோ கொடுத்தார்களாமே. அந்தத் தனசேகரனிடம் சொல், தானாகப் போய்த் தப்பைச் சொன்னவளுக்கு மெமோ கொடுத்தால் நாளைக்கு எவளும் சொல்ல மாட்டாள் என்று. நான் சொன்னதாகவே சொல்.

வருவேன் என்று இதில் எங்கும் எழுதவில்லை. ஆனால் எனக்கு இரண்டு காரியம் வேண்டும். ஒன்று, அந்த டிராயிங்கை மறுபடியும் தமிழில் எழுது. ஒரு வரி, ஒரு கோடு, ஒரு முத்திரை விடக் கூடாது. தேவையா தேவையில்லையா என்று நீ முடிவு செய்யாதே. இரண்டு, பட்டறையில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டி, ஏழு நாள் விடியற்காலையிலும் மதியத்திலும் எத்தனை டிகிரி என்று எழுதி அனுப்பு.

ஒழுங்காகச் சாப்பிடு. இரண்டு பேருக்கு ஆகிவிடுகிறது என்று மிச்சத்தை மறுநாள் தின்னாதே.

பாஞ்சாலை


கலசப்பாக்கம்,
27.1.2025

அன்புள்ள அத்தைக்கு,

டிராயிங் இணைத்திருக்கிறேன். ஒரு வரி விடவில்லை. வரைந்தவர் பெயர், சரிபார்த்தவர் பெயர், தேதி, திருத்தம் எத்தனையாவது, 'படத்தின் மேல் ஸ்கேல் வைத்து அளவு எடுக்காதே' என்ற எச்சரிக்கை, எல்லாம் இருக்கிறது. இருபது டிகிரி வரியைச் சிவப்பில் எழுதினேன். வலது பக்கம் வட்டமாக ஒரு கறை தெரியும். அது டிராயிங்கில் உள்ளது இல்லை, என் டீ டம்ளர்.

ஏழு நாளும் எழுதினேன். விடியற்காலை ஐந்தரைக்கு இருபதிலிருந்து இருபத்திரண்டுக்குள் இருக்கிறது. ஒரே ஒரு நாள் பத்தொன்பது. மதியம் எனக்கு ஷிப்ட் என்பதால் பக்கத்து வீட்டு கல்பனா அக்கா பார்த்துச் சொன்னார். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. "வெறும் பட்டறைக்கு ஜுரம் பாக்கறியே, உங்க மாமியா வர்றாங்களா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். "அவங்க தெர்மாமீட்டர் கேட்டா வர்றாங்கன்னுதான் அர்த்தம்" என்றார்.

நான் எதையும் அர்த்தம் பண்ணிக்கொள்ளவில்லை அத்தை. தகரக் கூரைக்கு மேல் தென்னை ஓலை மட்டும் போட்டு வைத்திருக்கிறேன். லேத்தின் மேலிருந்த தூசியைத் துடைத்தேன். வேறு எதையும் தொடவில்லை.

தனசேகரன் சாரிடம் நீங்கள் சொன்னதை அப்படியே சொன்னேன். சார் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "உங்க மாமியார்கிட்ட எனக்கும் பயமாத்தான் கீது" என்றார்.

உங்கள்
நதியா


சமையலறை,
12.2.2025, காலை

நதியாவுக்கு,

எதிரே இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று நினைக்காதே. இதைப் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன். எழுதிவிட்டால் இரண்டும் இல்லை. சோற்றுப் பையில் வைக்கிறேன். பஸ்ஸில் படி.

பத்து வளையம் மஞ்சள் பையில் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கிய பத்து நாளும் விடியற்காலையில் மட்டும்தான் கடைசி வெட்டு வெட்டினேன். வெட்டிய சூடு ஆற வளையத்தையும் கேஜையும் ஒரே வாளித் தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டு, துடைத்து, பிறகுதான் பார்த்தேன். டிகிரி கூடினால் எவ்வளவு தளர்வாக விட வேண்டும் என்று நானே ஒரு அட்டை எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். நீ அதை நேற்று நின்று படித்ததைப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்று நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எனக்கு உன்னிடம் இப்போது ஒரே ஒரு பயம் இருக்கிறது. நான் வந்ததிலிருந்து என்னைப் பார்த்தாலே உன் முகம் தழைந்துவிடுகிறது. குழம்பில் உப்பு அதிகமா என்று நான் கேட்டால் கூட, "இல்ல அத்த, சரியாத்தான் கீது" என்கிறாய். இந்த முகத்தோடு நீ அந்தக் குளிர் ரூமுக்குள் போனால் நான் எதைக் கொடுத்தாலும் சரி என்று கையெழுத்துப் போட்டுவிடுவாய். பாவப்பட்டுப் போடுகிற கையெழுத்து எனக்கு வேண்டாம். அதற்கு மே மாதத்துக் கையெழுத்தே மேல்.

அதனால் சொல்கிறேன். இந்தப் பத்தில் ஒன்று சரியில்லை. வேண்டுமென்றே ஒன்றைக் கெடுத்து வைத்திருக்கிறேன். எது என்று சொல்ல மாட்டேன். அதைக் கண்டுபிடித்துத் தள்ளினால் நான் இங்கே இருக்கிறேன். விட்டுவிட்டால் ரமேஷுக்குச் சொல்லி அனுப்பி, அவன் ஜீப்பில் மலைக்கே திரும்பிவிடுவேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ரசம் தனி டப்பாவில் இருக்கிறது. கவிழ்த்துவிடாதே.

பாஞ்சாலை


செய்யாறு, கம்பெனி கேன்டீன்,
12.2.2025, மதியம்

அன்புள்ள அத்தைக்கு,

இதைச் சாயங்காலம் உங்கள் கையில் கொடுப்பேன். நீங்கள் படிக்கும்போது பக்கத்தில் நிற்க மாட்டேன். கல்பனா அக்கா வீட்டில் இருப்பேன்.

காலை முழுக்க இதே வேலைதான். பத்தையும் இரண்டு மணி நேரம் அந்த ரூமிலேயே வைத்துக் குளிர்ந்த பிறகு பார்த்தேன். எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்த்தேன்.

நான்காவது வளையம். போகக் கூடாத முனை உள்ளே போய்விடுகிறது. நீங்கள் கெடுத்தது இதுதான். தள்ளிவிட்டேன்.

ஒன்பதாவதும் சரியில்லை அத்தை. இது உங்களுக்குத் தெரிந்திருக்காது. முன்பக்கம் முனை நன்றாக இறங்குகிறது, பின்பக்கம் வாய் இரண்டு மைக்ரான் இறுக்கம். அரை மணி நேரம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் கெடுத்த ஒன்றை மட்டும் தள்ளிவிட்டு வந்தால் நீங்கள் இருந்துவிடுவீர்கள், எனக்கும் நிம்மதி. தனசேகரன் சார் எனக்கு மேல் ஒருமுறை பார்ப்பதற்குள் நான் முடிவை எழுத வேண்டும்.

ஒன்பதாவதையும் தள்ளிவிட்டேன். சீட்டில் கையெழுத்தும் போட்டுவிட்டேன். மிச்சம் எட்டும் பாஸ். சாரும் பார்த்தார், அப்படியே வந்தது.

குழம்பில் உப்பு அதிகம்தான் அத்தை. மூன்று நாளாக அதிகம். வந்து திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

உங்கள்
நதியா